அசையும் மரம், அசையாத ரெசின்

ரோமின் பெரும் பேச்சாளரான சிசரோ ஒரேயொரு மேசைக்கு 5 லட்சம் செஸ்டெர்ஸ் நாணயங்கள் கொடுத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் எழுதியிருக்கிறார். பிளினி வாழ்ந்த கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியக் காலாட்படை வீரரின் ஆண்டுச் சம்பளமே 900 செஸ்டெர்ஸ்தான். ஒரு வீரர் 550 ஆண்டுகள் உழைத்தாலும் அந்த மேசையை வாங்கியிருக்க முடியாது. அவ்வளவு விலையும் பலகையில் ஓடிய ரேகைக்காக. சில பலகைகளில் புலியின் வரிகளைப்போல நெளிகள் ஓடின. சிலவற்றில் சிறுத்தையின் புள்ளிகளைப்போலச் சுழிகள் நிறைந்திருந்தன.

அந்தப் பலகை வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைப் பகுதியில் வளரும் தூயா மரத்திலிருந்து வந்தது. நேராக ஓங்கிய தண்டுக்கு அந்த மதிப்பு கிடையாது. அடிமரத்தில் வேரோடு சேர்ந்து மண்ணுக்குள் புடைத்த கட்டிக்குத்தான் மதிப்பு. மொராக்கோவின் எஸ்ஸவிரா நகரத்துக் கைவினைஞர்கள் இன்றும் அதே மரத்தின் அதே கட்டியில் பேழைகளும் கிண்ணங்களும் செய்கிறார்கள்.

ஆங்கிலம் பேசும் கடைசல்காரர்கள் இந்தக் கட்டியை ‘பர்ல்’ என்பார்கள். நாம் மரக்கழலை என்போம். கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் கழலைக்குப் புதிய துணை ஒன்று கிடைத்திருக்கிறது. கழலையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் ரெசின் என்ற செயற்கைப் பிசினை வண்ணம் கலந்து ஊற்றி, அது இறுகியபின் இரண்டையும் ஒரே கட்டையாகக் கடைகிறார்கள். பாதி மரம், பாதி கடல்நீலம் என்று ஒரு கிண்ணம் உருவாகிறது. பார்ப்பவர் கண் முதலில் நிறத்தில் போய் நிற்கும். ஆனால் இதிலுள்ள அறிவியல் வேறோர் இடத்தில் இருக்கிறது. மரம் வெட்டப்பட்ட பிறகும் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ரெசின் ஒருமுறை இறுகினால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இயல்பில் மாறுபட்ட இந்த இரண்டையும் பிரியாமல் ஒரே கிண்ணத்தில் வாழவைப்பதுதான் இந்தக் கலையின் முழுச் சவால்.

மொட்டுகள் அடைந்த கட்டி

மரப்பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய வளரடுக்கு இருக்கிறது. அது உட்பக்கம் மரத்திசுவையும் வெளிப்பக்கம் பட்டைத் திசுவையும் உண்டாக்குகிறது. புதிதாகப் பிறக்கும் மரச்செல்கள் பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் அமைகின்றன. அதனால்தான் மரத்துக்கு நார்வாகு என்று ஒன்று உண்டாகிறது. கோடாரியை அதன் போக்கில் இறக்கினால் விறகு எளிதில் பிளக்கும். குறுக்கே இறக்கினால் பிளக்காது.

பல மரங்களின் பட்டைக்கடியில் உறங்கு மொட்டுகளும் உண்டு. கிளை முறிந்தாலோ தீ பட்டாலோ அவற்றில் சில விழித்துத் துளிர்க்கும். சில இடங்களில் இவை அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. காயம், பூஞ்சை, பூச்சி, நுண்ணுயிர் போன்ற உறுத்தல்கள் இதைத் தூண்டலாம். நூற்றுக்கணக்கான மொட்டுகள் நெருங்கி முளைத்தும் கிளையாக நீளாமல் நின்றுவிடுகின்றன. கேம்பியம் அவை ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து புதிய மரத்தை இட்டுக்கொண்டே போகிறது. ஆண்டுக்கு ஆண்டு கட்டி புடைக்கிறது. உள்ளே நார்கள் எந்தத் திசைக்கும் கட்டுப்படாமல் சுழன்று பின்னிக்கொள்கின்றன. கழலையை அறுத்ததும் தெரியும் சிறுசிறு கண்கள், அந்த மொட்டுகள் விட்டுச்சென்ற தடங்களின் குறுக்குவெட்டு.

எல்லாக் கழலையும் நோயால் வந்தது என்று கொள்ளக்கூடாது. கலிபோர்னியாவின் கடலோரச் செம்மரத்துக்கு அது பிறவிக்குணம். 115 மீட்டருக்கு மேல் உயரக்கூடிய அந்த மரம், சிறு நாற்றாக இருக்கும்போதே வித்திலைகளின் கோணத்தில் கட்டியைத் தொடங்கிவிடுகிறது. மரம் எரிந்தாலும் விழுந்தாலும் அந்தக் கட்டியிலிருந்து புதிய தண்டுகள் எழும். ஆஸ்திரேலியாவில் மல்லி வகை யூகலிப்டஸ் மரங்கள் காட்டுத்தீக்குப் பின் மறுபடி தழைப்பதும் மண்ணுக்கடியில் இருக்கும் இத்தகைய கட்டியின் பலத்தில்தான். நாம் கிண்ணமாகக் கடையும் பொருள், அந்த மரங்களுக்கு மறுபிறப்புக்கான சேமிப்பு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தின் முடிவில் இது தேவைப்படும்.

கடைசல் எந்திரத்தில் கழலை

ஒருகாலத்தில் கடைசல்காரர்களுக்கு வெடிப்பில்லாத, ஓட்டையில்லாத கட்டைதான் நல்ல கட்டை. அமெரிக்காவில் மெல்வின் லிண்ட்குவிஸ்ட், அவர் மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் இருவரும் இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள். பூஞ்சை ஓடிக் கறுப்புக் கோடு விழுந்த மரத்தையும் பட்டை செருகிய கழலையையும் அவர்கள் விரும்பி எடுத்துக் கடைந்தார்கள். குறையே அழகாகக் கொள்ளப்பட்டது. 1986இல் அமெரிக்க மரக்கடைசலர் சங்கம் உருவானபோது இந்தப் பார்வை நன்றாக வேரூன்றியிருந்தது.

கழலையைக் கடைவது நேர்மரத்தைக் கடைவதுபோல் இருக்காது. பலகைவாக்கில் பொருத்திய சாதாரணக் கட்டை ஒரு சுற்று சுற்றும்போது, உளி இரண்டு இடங்களில் நாரின் வெட்டுமுனையைச் சந்திக்கும். மற்ற இடங்களில் நாரோடு இணக்கமாகப் போகும். கழலையில் அந்த ஒழுங்கு இல்லை. விரற்கடைக்கு விரற்கடை நாரின் திசை மாறுகிறது. உளி சற்று மழுங்கியிருந்தாலும் நார் வெட்டுப்படாமல் பிய்ந்துவிடும். அதனால் உளியை அடிக்கடி சாணை பிடித்து மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும்.

வேகத்தையும் கணக்கிட வேண்டும். 25 செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 10.5 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்குக் கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர். உள்ளே ஒளிந்திருக்கும் வெடிப்பு அந்த வேகத்தில் பிளந்தால், துண்டு கடைபவரின் முகத்துக்கு நேராக வரலாம். முழுமுகக் கவசம் இல்லாமல் கழலையின் அருகில் போகக்கூடாது. ரெசின் அழகுக்காக மட்டும் வரவில்லை என்பது இங்கே புரியும். பொந்தை நிரப்பி, தளர்ந்த பட்டையைக் கட்டிப்பிடித்து, கடைய முடியாத கட்டையைக் கடையக்கூடியதாக அது மாற்றுகிறது.

மரத்துக்குள் நீர்

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்லின் உட்குழியில் தங்கியிருப்பது ஒன்று. செல்சுவரின் செல்லுலோஸ் இழைகளுக்கிடையே ஒட்டியிருப்பது மற்றொன்று. உலரும்போது முதலில் உட்குழி நீர் வெளியேறும். அப்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல்சுவரே நீரை இழக்கத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. முழுக்க உலரும்போது பொதுவான மரங்கள் ஆண்டு வளையத்தின் போக்கில் 8 சதவீத அளவிலும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதியளவும் சுருங்குகின்றன. நீளவாக்கில் சுருக்கம் 0.1, 0.2 சதவீதம் மட்டுமே. இந்த வேறுபாடுதான் பலகையை வளைக்கிறது, கட்டையைப் பிளக்கிறது.

உலர்ந்தபின்பும் மரம் ஓய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை எட்டி நிற்கும். 30 சதவீதமாக இருந்தால் 6 சதவீதத்துக்கு இறங்கும். சென்னையின் கடற்காற்றில் கடைந்த கிண்ணம் குளிர்கால டொரொண்டோவின் சூடேற்றிய வீட்டுக்குப் போனால், பெட்டியைத் திறந்த சில வாரங்களில் அதன் வட்டம் நீள்வட்டமாகலாம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஈரக்கட்டையை முதலில் தடிமனாகக் குடைந்து வைப்பார்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். பல மாதங்கள் மெல்ல உலரவிட்டு, கோணிய பிறகு மீண்டும் வட்டமாகக் கடைவார்கள்.

கழலைக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. நார்கள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் சுருக்கமும் எல்லாத் திசையிலும் பகிரப்படுகிறது. மேற்பரப்பு சற்று மேடுபள்ளமாகலாம். ஆனால் நீளவாக்கில் ஒரே கோடாகப் பிளந்துபோவது அரிது.

அரக்கிலிருந்து எபாக்ஸி வரை

சுழலும் மரத்தில் வண்ணப் பிசின் ஏற்றுவது நம் மண்ணுக்குப் பழக்கமான தொழில். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் தமிழகத்தின் அம்பாசமுத்திரத்திலும் மரச்சொப்புகளை அப்படித்தான் செய்கிறார்கள். சுழலும் சொப்பின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். அரக்கு ஒரு சிறு பூச்சி சுரக்கும் இயற்கைப் பிசின். சூடேறினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடேறினால் மறுபடி இளகும்.

கழலையில் ஊற்றும் எபாக்ஸி என்ற ரெசின் அப்படி இளகித் திரும்புவதில்லை. 1930களில் ஜெர்மனியின் பால் ஷ்லாக், சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்டான் ஆகியோரின் ஆய்வுகளில் அது பிறந்தது. காஸ்டான் அப்போது பல்செட் செய்ய ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். சீபா நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பை வாங்கி அரால்டைட் என்ற பெயரில் பசையாக விற்றது. நம் வீட்டு இழுப்பறையில் கிடக்கும் அந்த இரட்டைக் குழாய்களின் தொடக்கம் அதுதான்.

ஏன் இரண்டு குழாய்? ஒன்றில் ரெசின், மற்றொன்றில் கடினமாக்கி. ரெசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கிறது. கார்பனின் பிணைப்புகள் இயல்பாக 109 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்க விரும்பும். முக்கோணத்துக்குள் அவை 60 பாகைக்கு நெருக்கப்பட்டிருக்கின்றன. கடினமாக்கியிலுள்ள அமீன் தொட்டதும் வளையம் உடைந்து திறந்து, அதனோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. ஒவ்வோர் அமீனும் பல வளையங்களைப் பிடிப்பதால் திரவம் முழுவதும் முப்பரிமாண வலையாகிவிடுகிறது. பாத்திரம் நிறைந்த அந்த ரெசின் ஏறத்தாழ ஒரே பெரும் மூலக்கூறு. அதை உருக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கலவை விகிதத்தில் துல்லியம் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். கடினமாக்கி கூடினாலும் குறைந்தாலும் இணைசேராத மூலக்கூறுகள் மிஞ்சி, ரெசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

வளையம் உடையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ரெசினோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. மெல்லிய படலமாக ஊற்றினால் சூடு வெளியேறிவிடும். ஆழமாக ஊற்றினால் சூடு உள்ளேயே தங்கும், சூடு வினையை விரைவாக்கும், வினை மேலும் சூட்டைக் கூட்டும். இப்படியே போனால் ரெசின் மஞ்சளாகி, வெடித்து, புகையும் விடும். ஆழமான வார்ப்புக்கென்று மெதுவாக இறுகும் எபாக்ஸி தனியாகத் தயாரிக்கப்படுவது இதற்காகத்தான்.

ஈரமான மரத்தில் ரெசின் பொதுவாக நன்றாக ஒட்டாது. விரைவில் இறுகும் பாலியூரித்தேன் வகையில் தொல்லை இன்னும் அதிகம். அதிலுள்ள ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். மரத்தை ஒட்டிய பகுதி முழுவதும் நுரைத்துவிடும்.

குமிழிகளை அடக்குதல்

ரெசினைக் கலக்கும்போது காற்று புகுகிறது. மரத்தின் துளைகளிலிருந்தும் காற்று கசிகிறது. இறுகும்போது அது குமிழியாக மாட்டிக்கொண்டால், கடைந்து தேய்த்தபின் ஒவ்வொரு குமிழியும் ஒரு குழியாகத் தெரியும்.

இதைத் தடுக்க ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வழிகள் இருக்கின்றன. மென்மையான, உளுத்த கழலைக்கு முதலில் வெற்றிட முறை. கட்டையை அடுப்பில் வைத்து ஈரமே இல்லாமல் உலர்த்தி, நீர்போல் ஓடும் மெத்தாக்ரிலேட் ரெசினில் அமிழ்த்தி, மேலுள்ள காற்றை எந்திரத்தால் இறைப்பார்கள். மரத்துக்குள் இருந்த காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். குமிழி நின்றதும் வெற்றிடத்தைத் திறந்துவிட்டால், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்தும் வளிமண்டலம் ரெசினைக் காலியான துளைகளுக்குள் தள்ளும். பிறகு 90 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் ரெசின் உள்ளேயே இறுகும். கையால் நொறுக்கக்கூடிய மரம் உளிக்குத் தாங்கும் மரமாகிறது.

வண்ண ரெசினை வார்க்கும்போது அழுத்த முறை. அச்சை முழுவதுமாகத் தடித்த இரும்புக் கலத்துக்குள் வைத்து, 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்றை ஏற்றுவார்கள். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று பொதுவாக 32 பிஎஸ்ஐ அளவுதான். 60 பிஎஸ்ஐயோடு வளிமண்டல அழுத்தமும் சேர்ந்தால், மொத்த அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகும். பாயிலின் விதிப்படி குமிழியின் பருமன் ஐந்தில் ஒரு பங்காகும். விட்டம் 58 சதவீதமாகக் குறையும். ஹென்றியின் விதிப்படி கூடுதல் அழுத்தத்தில் வாயு திரவத்தில் அதிகமாகக் கரையும் என்பதால், மிகச் சிறிய குமிழிகள் மறைந்தேபோகும். ரெசின் இறுகும்வரை அழுத்தத்தை விடக்கூடாது. முன்பே விட்டால் குமிழிகள் பழைய அளவுக்கு விரிந்துவிடும். அளவை மீறிய அழுத்தத்தில் கலமே வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால், பாதுகாப்பு வால்வு இல்லாத கலத்தைத் தொடவே கூடாது.

நிறமும் ஒளியும்

ரெசினில் மினுங்கும் முத்து நிறங்கள் பெரும்பாலும் காக்காய்ப்பொன்னின் வேலை. அந்தக் கனிமத்தின் மெல்லிய தகடுகளின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு நுண்படலமாகப் பூசப்படுகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, படலத்தின் தடிமனுக்கேற்ற நிறம் வலுப்பெறுகிறது. சாயம் பூசாமலே நிறம் பிறக்கிறது. ஊற்றும்போது தகடுகள் திரவத்தின் ஓட்டத்தோடு திரும்புவதால், உறைந்த ரெசினுக்குள் நீர்ச்சுழி போன்ற வளைவுகள் நிலைத்துவிடுகின்றன.

கழலையின் மினுக்கம் வேறுவகை. திசைக்கொன்றாகச் சாய்ந்த நார்கள் ஒளியைத் திசைக்கொன்றாகத் திருப்புகின்றன. கிண்ணத்தைச் சற்றுத் திருப்பினால் இருண்ட இடம் ஒளிர்கிறது, ஒளிர்ந்த இடம் இருள்கிறது. ஆனால் தேய்த்து விட்ட வெறும் மரத்தில் இது மங்கலாகத்தான் தெரியும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. செல்சுவரின் எண் 1.53 அளவில் இருக்கிறது. இந்தப் பெரிய வேறுபாட்டால் ஒளி மேற்பரப்பிலேயே சிதறிவிடுகிறது. 1.47 எண்ணுள்ள எண்ணெயோ 1.5ஐ ஒட்டிய எபாக்ஸியோ துளைகளை நிரப்பியதும் வேறுபாடு சுருங்கி, ஒளி உள்ளே இறங்கித் திரும்புகிறது. ஒரு துளி எண்ணெய் பட்டதும் மரத்தின் நிறம் ஆழமாவதன் காரணம் இதுதான்.

ரெசின் கண்ணாடிபோல் தெரிய, கீறல்கள் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிச் சிறுக்க வேண்டும். அந்த அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். 2000 எண் உப்புத்தாளின் துகள்கூட 10 மைக்ரான் அளவு இருக்கும். அதனால் 120இல் தொடங்கி எண்ணைத் தாண்டாமல் படிப்படியாக ஏறி, கடைசியில் மெருகுக் களிம்புக்கு வருகிறார்கள். அழுத்தித் தேய்த்தால் சூடேறும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி பலவும் 50, 60 பாகையிலேயே மென்மையாகத் தொடங்குவதால், தேய்ப்பவருக்குப் பொறுமை வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் கோடு

மழைக்காலத்தில் மரம் விரியும், ரெசின் நிற்கும். கோடையில் மரம் சுருங்கும், ரெசின் நிற்கும். இந்த இழுபறி முழுவதும் இரண்டும் ஒட்டியிருக்கும் கோட்டில்தான் நடக்கிறது. நேரான நாருள்ள பலகையும் ரெசினும் சேர்ந்தால், பலகையின் அகலவாக்கு அசைவு முழுவதும் ஒரே திசையில் அந்தக் கோட்டை இழுக்கும். சில பருவங்கள் கழித்து விரிசல் தெரியலாம்.

கழலை இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. அதன் அசைவு எந்தத் திசையிலும் குவிவதில்லை. அதன் விளிம்பு முழுவதும் முட்களும் குழிகளும் பட்டை மடிப்புகளுமாக இருப்பதால், ரெசின் மேற்பரப்பில் ஒட்டுவதோடு நில்லாமல் உள்ளே நுழைந்து கோத்தும் பிடித்துக்கொள்கிறது. தச்சர்கள் பிளக்க முடியாமல் ஒதுக்கிய அதே ஒழுங்கின்மைதான் ரெசினோடு சேர்ந்து வாழும் தகுதியைக் கழலைக்குத் தருகிறது. ஆனாலும் மரத்தை முழுக்க உலர்த்துவதற்கு மாற்று எதுவும் இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த ரெசினும் ஈரக்கட்டையின் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தாது.

நாம் கொடுக்கும் விலை

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. மூக்கின் உட்பகுதிதான் அதிகம் பாதிக்கப்படும். கடினமாக்கியிலுள்ள அமீன்கள் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். ஒருமுறை வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் தொடரலாம். கடைந்தெடுத்த ரெசின் சீவல் மண்ணில் மக்காது, உருக்கவும் உதவாது. கையுறையும் முகமூடியும் தூசியை இழுக்கும் எந்திரமும் இந்தத் தொழிலின் கருவிகளாகவே கருதப்பட வேண்டும். சீவலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விலையைக் காடு கொடுக்கிறது. கலிபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில் திருடர்கள் இரவில் புகுந்து, உயிருள்ள பழைய மரங்களின் கழலைகளைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துச் சென்றார்கள். கொள்ளையைத் தடுக்க 2014இல் அத்தகைய ஒரு பூங்காவின் ஊடே போகும் நியூட்டன் பி. டிரூரி சாலையை இரவில் மூட வேண்டியதாயிற்று. மறுபடி எழுவதற்காக மரம் சேர்த்து வைத்த மொட்டுகளை அறுத்தெடுப்பது அதன் மறுபிறப்பையே பறிப்பதாகும். அறுத்த இடம் ஆறாத பெரும் புண்ணாகி, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வாசலாகிறது.

அழகான கழலைக்காக உயிருள்ள மரத்தை வெட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லவே இல்லை. சாலை அகலப்படுத்தும்போது சாயும் புளியமரங்களிலும், புயலில் விழும் வேம்புகளிலும், காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படும் மாமரங்களிலும் முண்டும் முடிச்சும் இருக்கின்றன. அடுத்தமுறை விறகுக்கடைப் பக்கம் போனால், யாரும் பிளக்க முடியாமல் மூலையில் ஒதுக்கிய கட்டையைப் புரட்டிப் பாருங்கள். கடைய விரும்பினால் அதிலிருந்து தொடங்குங்கள். கடைந்த கிண்ணத்தை வாங்க விரும்பினால், அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காத கிண்ணத்தை வாங்காதீர்கள்.